நேரளெ ஏரியில் ஒரு பூவிரால்

ஹெப்பாள், மைசூர்
18 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

கனகா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று உங்கள் வீட்டில் ரங்கம்மா நங்கை கேட்பார்கள். உங்கள் நம்பரை நான் இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். தடையை எடுத்துவிடலாம் என்று சில முறை கை போனது. ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நாலு வார்த்தை பேசிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முடிக்கும் வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தூண்டில் சங்கத்தின் இந்த வருஷப் போட்டி அக்டோபர் இருபதாம் தேதி, ஹுணசூர் ரோட்டுப் பக்கம் நேரளெ ஏரியில். போன வருஷம் போல ஜோடி ஜோடியாகப் பரிசலில் போவது இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுக் கரை, ஆளுக்கு ஒரு தூண்டில். பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். யாருடைய மீன் நீளமோ அவருக்குக் கோப்பை.

என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தனியாக.

செக்ரட்டரி ஹேமந்த் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நிம்ம அண்ணா பரல்வா மேடம்?" என்று கேட்டார். அண்ணன் வரவில்லை, நான்தான் வருகிறேன் என்றேன். குடும்பப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம், பெண்களும் குழந்தைகளும் நிழலில் உட்கார்ந்து கெண்டை பிடிக்கலாமாம். பொதுப் பிரிவிலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய நீளக் கோல் உங்களிடம் இருக்கிறது. போன வருஷம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் பஸ் ஏறிப் போனீர்கள். எனக்கு அது வேண்டும். புதுக் கோல் கடையில் கிடைக்கும்தான். ஆனால் அந்தக் கோலின் வளைவு என் மணிக்கட்டுக்குப் பழகியது. போன வருஷப் போட்டியில் விரால் நம் தூண்டில் தவளையைக் கவ்விய அன்று, அது வாய்க்குள் நன்றாக வாங்கட்டும் என்று பொறுத்துப் பிடித்திருந்தது என் மணிக்கட்டுதான். பிடுங்கி இழுத்தது நீங்கள். ரப்பர் தவளை மட்டும் பறந்து வந்து உங்கள் நெஞ்சில் அடித்தது. அதற்குப் பிறகு கரையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

கோலை அனுப்புங்கள்.

கனகா


கௌதள்ளி
27 ஆகஸ்ட் 2024

கனகாவுக்கு,

கடிதத்தை எனக்கு முன்னால் ரங்கம்மா படித்துவிட்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்குக் கோலக் குடுத்து அனுப்பிருங்க" என்று இரண்டு நாளாக ஒரே பாட்டு.

கோல் மேலே அட்டாலியில் பத்திரமாக இருக்கிறது. எலி கடிக்காமல் துணி சுற்றி வைத்திருக்கிறேன். ஆனால் தனியாகப் போவதாக இருந்தால் தர மாட்டேன். நானும் கூட நிற்கிறேன் என்றால் அன்றைக்கு நானே கொண்டு வருகிறேன்.

நீ எழுதினாயே, பிடுங்கினேன் என்று. அந்த விரால் பாசிக்குள் தலையை விட்டிருந்தால் தூண்டில் நரம்பு அறுந்து தவளையும் போயிருக்கும். அரை நொடி தாமதம் என்றாலும் அது வேலையைக் காட்டிவிடும். நான் இழுக்காமல் இருந்திருந்தால் நீ நிறுத்தியிருப்பாயா? உன்னால் முடியாது என்று சொல்லவில்லை. முடிந்திருக்காது என்று சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நம்பரைத் தடுத்து வைத்திருப்பதை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நீ போனை எடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரளெ ஏரியில் தாமரை உண்டா? தண்ணீர் வரும் ஓடை எந்தப் பக்கம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

லிங்கப்பன்


ஹெப்பாள்
8 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

கோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்கு ஊன்றுங்கள்.

கரையில் நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, "பொம்பள கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றீர்கள். மீனை விட்டது உங்கள் அவசரம். பேச்சு வாங்கியது என் கை. அதற்கப்புறம் சங்கத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அண்ணா மீனு பிட்டரல்லா, அவர தங்கி" என்றுதான் சொல்கிறார்கள். மீனை விட்ட அண்ணனின் தங்கை. உங்களையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கூட நிற்க வேண்டாம்.

ஏரியைப் பற்றிக் கேட்டதற்காகச் சொல்கிறேன். என் ஷிப்டு விடும் ஞாயிறுகளில் ரூபாவும் நானும் அங்கே போய்க்கொண்டிருக்கிறோம். ரூபா என்னோடு ஃபேக்டரியில் வயரிங் லைனில் வேலை செய்கிற பெண், நஞ்சன்கூடுக்காரி. மீன் சாப்பிட மாட்டாள், ஆனால் பார்ப்பதற்கு ஆசை. நாங்கள் தூண்டில் போடுவதில்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மதகுப் பக்கம் ஆழம், அங்கே கட்லாவும் ரோகுவும். இரைக்குப் பொரி உருண்டை போடுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். கிழக்குக் கரை முழுக்கத் தாமரை. வெயில் ஏறுவதற்கு முன்னால் தாமரை இலைகளுக்கு நடுவில் விரால் மேலே வந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. ஈர உதட்டைப் பிரிப்பது போல ஒரு சின்னச் சத்தம். வடக்கு மூலையில் ஓடை வந்து சேர்கிறது. அங்கே ஏரி ஒரு கை போலக் குறுகி உள்ளே நீள்கிறது. தண்ணீர் கலங்கல், கோரை, பழைய கருவேல மரம் ஒன்று சாய்ந்து பாதி தண்ணீருக்குள் கிடக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஆனால் அன்றைக்குச் சீட்டு எடுத்துத்தான் இடம் கொடுப்பார்களாம்.

எனக்கு எந்த இடம் வந்தாலும் சரி. வேறு கோல் பார்த்துக்கொள்கிறேன்.

கனகா


கௌதள்ளி
16 செப்டம்பர் 2024

அம்மணிக்கு,

கோல் வந்து சேர்ந்திருக்கும். மாதேஸ்வர மலைக்குப் போய்த் திரும்புகிற பஸ்ஸில் டிரைவர் மல்லப்பனிடம் கொடுத்து அனுப்பினேன். கண்ணாடியை ஒட்டி நீளவாக்கில் கட்டி வைத்தானாம். கொள்ளேகாலத்தில் போலீஸ்காரர் ஒருவர் அது என்ன என்று கேட்டதற்கு, "மைசூர்ல ஒரு அம்மா மீன் புடிக்கறதுக்குங்க சார்" என்று சொல்லியிருக்கிறான். ரீலுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். பழைய நரம்பைக் கழற்றிவிட்டுப் பின்னல் நரம்பு புதிதாகச் சுற்றியிருக்கிறேன். முள்ளையும் தீட்டியாயிற்று.

கரையில் அப்படிச் சொன்னேனா என்று ரங்கம்மா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

அதை விடு. நீ எழுதிய ஏரி என் கண்ணிலேயே நிற்கிறது. காட்டில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டும்போதுகூட அந்த ஓடை மூலைதான் ஞாபகம். உனக்கு அந்த இடம் கிடைத்தால் ஒன்று செய். இப்போது பெய்கிற மழைக்கு விரால் குஞ்சு பொரித்திருக்கும். குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டியது போலக் கூட்டமாக மேலே சுற்றும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போடு. பசி இருக்கிறதோ இல்லையோ, குஞ்சைத் தின்ன வந்தது என்ற கோபத்தில் கவ்வும். தப்பவே தப்பாது. கோப்பை உனக்குத்தான்.

இது பிடுங்குவது இல்லை. யோசனை சொல்வது.

லிங்கப்பன்


ஹெப்பாள்
29 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு,

கோல் வந்தது. நரம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். நன்றாக இறுக்கிச் சுற்றியிருக்கிறீர்கள். நன்றி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் வாளிகளை வைத்துத் தவளையை வீசிப் பழகுகிறேன். முதலில் வாளியைத் தவிர எல்லாவற்றிலும் விழுந்தது. பக்கத்து வீட்டுத் துணிக் கயிற்றில் ஒரு முறை, வீட்டுக்காரர் தலையில் ஒரு முறை. இவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். இப்போது வாளிக்குள் சத்தமில்லாமல் இறங்குகிறது. தவளை 'தொப்' என்று விழுந்தால் விரால் ஓடிவிடும். இலை விழுவது போல விழ வேண்டும்.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் நான் போட மாட்டேன். சங்கத்து விதியில் தடை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஹேமந்திடமே கேட்டேன், "நோ ப்ராப்ளம்" என்றார். தாயை மேலே இழுத்து, அளக்கும் பலகையில் கிடத்தி, படம் எடுத்துத் திரும்ப விடுவதற்குள் அங்கே காத்திருக்கிற மற்ற மீன்கள் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையைத் தொட வந்தவனைக் கடிக்க எந்தத் தாயும் வருவாள். அதில் என் கைக்கு என்ன வேலை? நான் ஜெயித்தால் என் கை ஜெயிக்க வேண்டும்.

நீங்கள் இதற்குக் கோபப்படுவீர்கள். படுங்கள்.

கனகா


கௌதள்ளி
7 அக்டோபர் 2024

கனகாவுக்கு,

உன் இஷ்டம்.

இங்கே மழையில் மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறது. வடிகால் வெட்டுகிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போட்டிக்கு நான் வரப்போவதில்லை. நீயும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நான் போகிறவனும் இல்லை.

விரால் கவ்வினால் எவ்வளவு நேரம் பொறுப்பாய் என்று மட்டும் எழுது. ரங்கம்மா கேட்கிறாள்.

லிங்கப்பன்


ஹெப்பாள்
21 அக்டோபர் 2024

அண்ணா,

உட்கார்ந்து எழுதக் கை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, தோள் வேறு தூக்க முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் அண்ணா!

முதலிலிருந்து சொல்கிறேன். விடிந்ததும் எல்லோரும் மதகடியில் கூடினோம். ஆண்கள் அத்தனை பேர், நடுவில் நானும், பை தூக்க வந்த ரூபாவும். இவர் சாலையோரம் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார், பார்த்தால் பயமாக இருக்கிறதாம். சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது ஓடை மூலை! பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "லக்கி" என்றார் ஒருவர்.

போய் நின்றால் முதல் பார்வையிலேயே தெரிந்தது. கோரைக்கு முன்னால் குஞ்சுக் கூட்டம், நீங்கள் எழுதியது போலவே குங்குமம். அடியில் இரண்டு கறுப்பு உருவம் மாறி மாறி வந்து மூச்சு வாங்கிப் போயின. நல்ல பெரிய ஜோடி. நான் வாளியில் வீசிப் பழகிய தூரத்துக்கும் குறைவு.

"அக்கா, அல்லி நோடி, அல்லே இதே!" என்று ரூபா அந்தப் பக்கம் காட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இருக்கு. அது இருக்கட்டும்" என்றேன்.

என் கரைத் துண்டின் மறுகோடிக்குப் போய் கோரை ஓரமாக வீசினேன். ஒன்றும் இல்லை. தாமரை இலை இரண்டு மூன்று கிடந்த இடத்தில் வீசினேன். ஒரு சின்ன விரால் துரத்திவிட்டுப் போய்விட்டது. வெயில் ஏறியது. கிழக்குக் கரையிலிருந்து கைதட்டல் கேட்டது, யாரோ பிடித்துவிட்டார்கள். திரும்பவும் கேட்டது. ஹேமந்தே ஒரு நல்ல விரால் பிடித்து அதுதான் முதலிடத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள். பிறகு அவரே சுற்றிப் பார்க்க என் பக்கம் வந்தார். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நான் எதிர்ப்பக்கம் வீசுவதையும் பார்த்தார்.

"மேடம், மீன் இங்கே இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். எனக்குக் கன்னடம் புரியவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

"தெரியுங்க" என்றேன்.

அவர் ரூபாவைப் பார்த்தார். ரூபா வானத்தைப் பார்த்தாள்.

அப்போது எனக்கு அழுகை வந்தது உண்மை. ஒரே வீச்சு. அதைப் போட்டிருந்தால் முடிந்தது. கை அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பக்கூடத் திரும்பியது. கோலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வீச வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தது போலச் சும்மா பார்ப்போம் என்று கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. குஞ்சுக் கூட்டம் வட்டமாகச் சுற்றவில்லை. சாய்ந்து கிடக்கிற கருவேல மரத்தின் பக்கம் போனால் மட்டும் சட்டென்று ஒதுங்கித் திரும்பியது. ஒரு முறை கூட்டம் கொஞ்சம் நெருங்கிவிட்டது. தாயும் தகப்பனும் இரண்டுமே அந்த மரத்தைப் பார்த்துத் தண்ணீரை அடித்துக்கொண்டு பாய்ந்தன. மரத்தடியில் ஒன்றும் தெரியவில்லை. நிழல்தான்.

இவ்வளவு பெரிய விரால் இரண்டு சேர்ந்து எதைப் பார்த்துப் பயப்படும்? அவற்றைவிடப் பெரியதை.

எழுந்து, கரையோரமாகக் குனிந்தே போனேன். என் எல்லைக் கொடி அந்த மரத்துக்கு அப்பால்தான் இருந்தது, அதையும் பார்த்துக்கொண்டேன். தவளையை மரத்தின் அடிப்பக்கம், கிளைக்கு மேலே வீசி, கிளை மேலேயே கொஞ்சம் தங்கவிட்டேன். பிறகு மெதுவாகத் தண்ணீருக்குள் நழுவவிட்டேன். ஒரு இழுப்பு. நிறுத்தினேன். இன்னொரு இழுப்பு.

தண்ணீர் திறந்தது அண்ணா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெரிய வாய் தவளையைக் கவ்விக்கொண்டு மூடியது.

எவ்வளவு நேரம் பொறுப்பாய் என்று கேட்டிருந்தீர்களே. நரம்பு தானாக நகரும் வரை பொறுத்தேன். அது நிழலுக்குள் திரும்பிப் போக ஆரம்பித்தபோது, கோலை வலது தோளுக்கு மேல் முழு உடம்போடு தூக்கி அடித்தேன். முள் ஏறியது கைக்குத் தெரிந்தது.

உடனே அது மரத்துக்குள் பாய்ந்தது. கரையில் நின்று இழுத்தால் நரம்பு கிளையில் உரசி அறுந்துவிடும் என்று தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கினேன். சேலையைக் கட்டிக்கொண்டு வரவில்லை, நல்லவேளை, இவருடைய டிராக் பேன்ட். இடுப்பளவு சேற்றில் போய், கோலைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்து, பக்கவாட்டில் இழுத்தேன். அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரீல் கத்தியது. கை எரிந்தது. கால் வழுக்கி ஒரு முழங்கால் மடிந்துவிட்டது.

"மேடம், கொடி, நானு ஹிடிதீனி!" என்று ஹேமந்த் ஓடி வந்து கையை நீட்டினார். கொடுங்கள், நான் பிடிக்கிறேன் என்று. நல்ல எண்ணத்தில்தான்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கோரைக்குள் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மரத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. வெட்டவெளித் தண்ணீரில் அது என்னுடையது. ஓடினால் ஓடவிட்டேன், நின்றால் சுற்றினேன். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தபோதுதான் முழுசாகப் பார்த்தேன். பூவிரால்! உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, நட்சத்திரம் தெளித்தது போல. கை வலைக்குள் பாதிதான் போனது. மீதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானே கரையேறினேன்.

அளக்கும் பலகை போதவில்லை அண்ணா! பலகை முடிந்த பிறகும் வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஹேமந்த் தன் சட்டைப்பையிலிருந்து டேப் எடுத்து இரண்டு முறை அளந்தார். பிறகு எழுந்து நின்று, தன் மீனைவிட ஒரு முழம் நீளம் என்று கன்னடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரே கத்திச் சொன்னார். அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ரூபா அழுதுகொண்டே படம் எடுத்தாள். அதனால் பாதிப் படத்தில் என் தலை இல்லை.

தண்ணீரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். செவுள் நன்றாக அசைந்ததும் கையைத் திறந்தேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. கோரைக்கு முன்னால் குஞ்சுக் கூட்டம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

மைக்கில் என்னைக் கூப்பிட்டபோது 'கனகா' என்றார்கள். யாருடைய தங்கை என்றும் சொல்லவில்லை, யாருடைய மனைவி என்றும் சொல்லவில்லை.

உங்கள் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்லியிருந்தால் பாதியில் நீங்கள் குறுக்கே பேசியிருப்பீர்கள்.

கனகா


கௌதள்ளி
28 அக்டோபர் 2024

என் அம்மணிக்கு,

நீ எழுதியதில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. எழுந்து பறந்தது கொக்கு மட்டும் இல்லை, நீர்க்காகமும்தான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் அக்கரையில் நின்றேன்.

வடிகால் வெட்டுகிற வேலை சனிக்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. ரங்கம்மா ஒரு பையில் வேட்டியை மடித்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க, ஆனா வாயத் தொறக்காதீங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் படுத்து, விடியற்காலையில் ஆட்டோ பிடித்து ஏரிக்கு வந்தேன். நீங்கள் மதகடியில் கூடியிருந்தபோது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டேன். உனக்கு ஓடை மூலை வந்தது என்று தெரிந்ததும், அதற்கு நேர் எதிரே நாவல் மரத்தடியில் இடம் பிடித்தேன். அங்கே ஏரி குறுகல். நீ தண்ணீர் குடித்ததுகூடத் தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். குஞ்சுக் கூட்டத்தை விட்டுவிட்டு நீ எதிர்ப்பக்கம் வீசியபோது அங்கே நின்று உன்னைத் திட்டினேன். பக்கத்தில் மாடு மேய்க்க வந்த ஒருவர் நான் அவரைத் திட்டுகிறேன் என்று நினைத்துத் தள்ளிப் போய் நின்றார். கருவேல மரத்துக்கு நீ வீசியதும் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் குஞ்சு எங்கே என்றுதான். அந்தக் குஞ்சுகள் எதைப் பார்த்து ஒதுங்குகின்றன என்று எனக்குப் பார்க்கத் தோன்றியதே இல்லை, இத்தனை வருஷத்தில். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெளிந்தது. இரண்டாம் முறை படித்துவிட்டு ராமாபுரம் வரைக்கும் சைக்கிளில் போய் வந்தேன், காரணம் ஒன்றும் இல்லை.

அது கவ்வியபோது என் வாயில் 'இழு' என்று வந்துவிட்டது. நல்லவேளை, சத்தம் வரவில்லை. நீ இழுக்கவில்லை. இன்னும் இழுக்கவில்லை. அப்புறம் நீ அடித்தாய் பார். அந்த அடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது வரும் என்று.

நீ சேற்றில் இறங்கி முழங்கால் மடிந்தபோது என் கால் தானாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. நீந்தினால் இருபது வீச்சில் வந்திருப்பேன். அப்போதுதான் நீ கத்தினாய். தண்ணீர் மேல் அந்தச் சத்தம் நேராக வந்தது. எனக்கே சொன்னது போல இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நாவல் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டேன் என்றாலும் அது பொய் இல்லை.

நீ மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறியபோது உன்னிடம் ஓடி வர வேண்டும் போல இருந்தது. வரவில்லை. வந்து நின்றிருந்தால் அந்தச் சங்கத்து ஆட்கள், அண்ணன் வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று பேசியிருப்பார்கள். அது உன் மீன். அதில் என் நிழல்கூட விழக் கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

ஆனால் பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அக்கரையிலிருந்து போனில் உன்னைப் படம் எடுத்திருந்தேன். நீ விரல் நகம் அளவுதான் தெரிகிறாய், மீன் மட்டும் நன்றாகத் தெரிகிறது. பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பின்னால் கொடுத்தார். பின்னால் இருந்தவர் அதற்கும் பின்னால் கொடுத்தார். என் போன் கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் ஹனூரே தாண்டிவிட்டது. மாதேஸ்வர மலைக்குப் போகிறவர்கள் எழுந்து வந்து என் சீட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள். விசில் ஊத வேண்டிய கண்டக்டரும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இவ்ளோ பெரிய விராலு! யாருங்க புடிச்சது?"

"என்ற தங்கச்சி."

"அவங்களேவா? ஒத்தையாவா?"

"ஒத்தையா. மரத்துக்குள்ள பூந்தத இடுப்பளவு தண்ணியில நின்னு இழுத்துப் போட்டா."

"நீங்க கூட இருந்தீங்களா? நீங்க என்ன பண்ணுனீங்க?"

பஸ் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கர்வமாக நான் எதையும் சொன்னதில்லை, அம்மணி.

"நானா?" என்றேன். "நான் கரையில நின்னேனுங்க."

உன் அண்ணன்,
லிங்கப்பன்